கிணற்றடி வைரவர்

மார்கழி வாடை கீரிமலைக் கடலைத் தொட்டு, ஈரம் சுமந்து, மெல்ல ஊருக்குள் நடந்து வந்தது. திருவெம்பாவைச் சங்கொலி விடியலில் எழுந்து அடங்கியது. கைவிடப்பட்ட சுண்ணாம்புக் கற்குழிகளில் மாரிநீர் நிறைந்து வானத்தை ஏந்தியிருந்தது.

அக்காலையில்தான் கனகாம்பிகை, ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி பஞ்சலிங்கத்தைத் தேடி வந்தார். நெடுங்காலம் இடம்பெயர்ந்திருந்து திரும்பியவருக்குக் காணியில் எஞ்சியது கிணறு ஒன்றே. அதன் ஓரத்தில் நிற்கும் கல்லைக் காட்டி, அது தன் காணியின் எல்லை காக்கும் வைரவர், தலைமுறையாக அங்கேயே மழையில் நனைந்து நிற்பவர் என்கிறார் பக்கத்துக் காணி ஏரம்பு. அது மெய்யானால் கிணறு ஏரம்புவுக்கே.

"சின்ன வயசிலை உந்தக் கிணத்திலை குளிச்சுப்போட்டுத்தான் நகுலேஸ்வரம் கோயிலுக்குப் போவன். அப்ப அங்கை வைரவர் இல்லை, ஐயா. ஆனா சாமியைப் பொய் எண்டு சொல்ல வாய் வருகுதில்லை," என்றார் கனகாம்பிகை.

பஞ்சலிங்கத்தின் உதவியாளரான சட்டத்தரணி நிவேதனா உடனே வழக்குப் போடத் துடித்தாள். பஞ்சலிங்கமோ கனகாம்பிகையோடு கிணற்றைப் பார்க்கப் போகும் வழியில் கற்குழியருகே நின்றார். புதிதாக உடைந்த சுவரில் பழங்கடலின் சிப்பிகளும் பவளங்களும் கல்லோடு கல்லாக வெட்டுண்டு, வரைந்த கோலம்போல் தெரிந்தன. மேல்விளிம்பில், மழைபட்ட பழம்பாறையில், அதே சிப்பிகள் துருத்தி நின்று, தடவிப் பார்த்த நிவேதனாவின் உள்ளங்கையைக் குத்தின.

கிணற்றடியில் ஏரம்பு கைகட்டி நின்றார். எண்ணெய் மினுங்கிய கல்லைத் தொட்ட நிவேதனா, சிப்பி எதுவும் துருத்தவில்லை, இது புதுக்கல் என்றாள்.

"மூண்டு தலைமுறை எண்ணெய் தேய்ச்ச கல்லு, பிள்ளை. கோட்டிலை வழக்குக் கதைக்கிற வாய்க்கு உது விளங்காது."

பஞ்சலிங்கம் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, கல்லின் முதுகைத் தடவினார்.

"எண்ணெய் பூசுற கை முன்னுக்குத்தான் படும், ஏரம்பு. மழை பின்னுக்கும் பெய்யும். மழை சுண்ணாம்பைக் கரைக்கும், சிப்பி லேசிலை கரையாது. அதுதான் பழங்கல்லிலை துருத்திக்கொண்டு நிக்கும். இதின்ரை முதுகும் வெட்டின மாதிரியே கிடக்கு. உந்த வைரவர் மாரி கண்டவரில்லை."

ஏரம்பு கட்டிய கைகளை அவிழ்த்தார். ஊர் வெறுமையாய்க் கிடந்த காலத்தில் யாரோ கல் அகழ்ந்ததில், அவருடைய எல்லை மூலையும் அங்கு நின்ற வைரவரும் குழிக்குள் போய்விட்டதையும், அதனால் இந்தப் புதுக்கல்லை இங்கே நட்டதையும் சொன்னார்.

"இனி நான் எங்கையெண்டு விளக்கு வைக்கிறது, அக்கா?"

கனகாம்பிகை, கல்லைக் குழியோரம் ஏரம்புவின் பக்கத்துக்கே கொண்டுபோகச் சொன்னார். வைரவரை நீராட்டத் தண்ணீர் இந்தக் கிணற்றிலேயே அள்ளலாம் என்றார். ஏரம்பு கல்லைச் சுமந்தார். கனகாம்பிகை குடத்தோடு பின்னே நடந்து, கல்லை நிறுத்தியதும் நீராட்டி, நந்தியாவட்டைப் பூ ஒன்று சாத்தி, கண்மூடி நின்றார். பின் திருநீற்றை எடுத்து ஏரம்புவின் நெற்றியில் பூசினார்.

"நல்லா இரு, தம்பி."