குழியையும் காட்டுங்கண்ணா!

சங்ககிரியில், லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ரஞ்சிதா அங்கே ஊஞ்சலுக்காக வரிசையில் நின்றிருந்தாள். அப்போது 'பீப்... பீப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

நீளமான கம்பி, அதன் முனையில் ஒரு வட்டத் தட்டு. அதைத் தரையை ஒட்டி ஆட்டியபடி ஓர் இளைஞர் நடந்து வந்தார்.

"இது என்னங்கண்ணா?"

"மெட்டல் டிடெக்டர் பாப்பா. மண்ணுக்குள்ள செம்பு, இரும்பு எது இருந்தாலும் கத்தும். என் பேரு நவீன்குமார். யூடியூப்ல பாத்ததில்லையா?"

பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கருவி கத்திய இடங்களில் அவர் தோண்டினார். முதலில் சோடா மூடி வந்தது. அப்புறம் துருப்பிடித்த ஒரு போல்ட்டு.

"லாரி ஊர்ல தோண்டுனா போல்ட்டுதான் வெளையும்!" என்றாள் ரஞ்சிதாவின் தோழி அறிவுமதி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் அடுத்த குழியில் பச்சைக் களிம்பு ஏறிய ஒரு செப்புக் காசு கிடைத்தது. அதில் பாதி தேய்ந்த யானை உருவம்! ரஞ்சிதா மூச்சு விடவும் மறந்து பார்த்தாள். எந்தக் காலத்தில் யார் கையிலிருந்து விழுந்ததோ!

மறுநாள் காலையில் அவள் பூங்காவுக்கு ஓடி வந்தபோது, "ஐயோ!" என்று ஒரு குரல் கேட்டது.

பூங்காவைக் கூட்டும் செல்லாயி அக்கா தரையில் கிடந்தார். சருகு மூடியிருந்த ஒரு குழியில் அவர் கால் இறங்கிவிட்டது. கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பூங்கா முழுக்கக் குழிகள். ஒன்றுகூட மூடப்படவில்லை.

ரஞ்சிதா அவரைத் தாங்கிப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். தன் துப்பட்டாவைக் குழாயில் நனைத்துக் காலில் சுற்றினாள்.

"ரொம்ப வலிக்குதுங்களா அக்கா?"

"வலி கிடக்குது சாமி. இன்னும் பாதிப் பூங்கா கூட்டோணுமே."

நவீன்குமார் புளியமரத்தடியில் இன்னொரு குழி தோண்டிக்கொண்டிருந்தார். ரஞ்சிதா நேரே அவரிடம் போனாள்.

"அண்ணா, குழியெல்லாம் மூடுங்க. செல்லாயி அக்கா விழுந்துட்டாங்க."

"பாத்து நடக்கச் சொல்லு பாப்பா."

ரஞ்சிதாவுக்கு முகம் சூடாகிவிட்டது. "இது நடக்கிற இடமுங்க! நீங்கதான் பாத்துத் தோண்டோணும்!"

"அட, அப்புறமா மூடலாம். தள்ளிக்கோ, லைவ் ஆரம்பிக்கணும்."

நடைப்பயிற்சிக்கு வந்த மாரியப்பன் மாமாவிடம் ஓடினாள். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க!"

"நமக்கெதுக்கு கண்ணு வம்பு?" என்றார் அவர். பக்கத்திலிருந்த குழியைச் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டார்.

சுற்றிப் போகத் தெரிந்தவருக்கு, மூடச் சொல்லத் தெரியவில்லையே! ரஞ்சிதா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் நவீன்குமார் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி, அதன்முன் காசைத் தூக்கிக் காட்டினார். "வணக்கம் மக்களே! சங்ககிரியில நமக்கு ஒரு அட்டகாசமான பழங்காசு சிக்கியிருக்கு!"

ரஞ்சிதா கைப்பேசிக்கு முன்னால் போய் நின்றாள்.

"காசைக் காட்டுனீங்க சரி. குழியையும் காட்டுங்கண்ணா!"

"ஹிஹி... பாப்பா விளையாடுது மக்களே."

"விளையாடலீங்க!" அவள் ஸ்டாண்டை மெல்லத் திருப்பினாள். "இது இவரு நேத்து தோண்டுன குழி. அது இன்னிக்குத் தோண்டுனது. இந்தக் குழியிலதான் செல்லாயி அக்கா விழுந்தாங்க. தினமும் எங்களுக்காக இந்த இடத்தைக் கூட்டறவங்க அவங்க. பாத்து நடக்கணுமாம்! இவரு தோண்டுனதுக்கு அவங்க எதுக்குங்க வலி தாங்கணும்?"

திரையில் செய்திகள் மளமளவென்று வந்தன. அறிவுமதி எட்டிப் பார்த்து, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல உரக்க வாசித்தாள்.

"'முதல்ல குழியை மூடுய்யா.' 'தோண்டறதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்குன?' 'பழங்காசு கிடைச்சா தாசில்தார் ஆபீஸ்ல சொல்லணும், தெரியுமா?' 'டேய் நவீனு, ஊட்டுக்கு வா, பேசிக்கறேன்.'"

"கடைசியாச் சொன்னது யாருங்கண்ணா?" என்று கேட்டாள் ரஞ்சிதா.

நவீன்குமாரின் முகம் வெளிறிவிட்டது. "எங்கம்மா," என்றார் மெதுவாக.

பெஞ்சுக்குப் போய், வீங்கிய அந்தக் காலைப் பார்த்தார். அவர் குரல் மாறிவிட்டது. "தப்புப் பண்ணிட்டேங்கக்கா. வாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"குழியை மூடிட்டு வா தம்பி. வேற யாரும் விழுந்துறக் கூடாது," என்றார் செல்லாயி அக்கா. "மண்ணைப் போட்டா மட்டும் பத்தாது, நல்லா மிதிக்கோணும். இல்லீனா மழைக்கு இறங்கிரும்."

"காசைத் தாசில்தார் ஆபீஸ்ல ஒப்படைச்சிடறேன் மக்களே," என்று சொல்லிவிட்டு, நவீன்குமார் லைவை நிறுத்தினார். மண்ணை அள்ளிப் போடத் தொடங்கினார். பிள்ளைகள் ஒவ்வொரு குழியாக ஏறிக் குதித்து மிதித்தார்கள்.

ஒரு சுற்று முடித்து மாரியப்பன் மாமா திரும்பி வந்தார். "பாத்தியா, நான் அப்பவே நெனச்சேன், இது தப்புன்னு."

ரஞ்சிதா இடுப்பில் கை வைத்து நின்றாள். "நெனச்சீங்க சரி. வாயைத் தொறந்து சொல்லலீங்களே மாமா!"

மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தானும் குழி மிதிக்க வந்தார்.