கை தூக்கினால் நிறுத்துவோம்

காலை ஏழே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டோம். வெறும் வயிறு. எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே மூன்றாவது நாற்காலியில் நான், நான்காவதில் என் மனைவி. வெளிறிய பச்சைச் சுவர், ஃபினாயில் வாடை, கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த மூன்றும் மாறுவதில்லை.

ஆறு வாரமாக எனக்குச் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். மயக்க ஊசி போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு உண்டு, அதனால் முடியாது என்றுவிட்டார். தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்பார்கள், அவ்வளவுதான். முழு நினைவோடு படுத்திருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழாயைக் கழுவுவதுதான் என் பிழைப்பு. வேறோர் ஆஸ்பத்திரியில், ஒன்பது வருஷமாக. காலையில் இருபது, இருபத்திரண்டு பேர் வாயிலிருந்து வெளியே வரும் கறுப்புக் குழாயைக் கையில் வாங்கி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துத் தொங்கவிடுவேன். அங்கே எனக்குக் காசில்லாமலே பார்த்துவிடுவார்கள். அந்த மேஜையில் மட்டும் படுக்க மாட்டேன் என்றுதான் மூன்று பஸ் மாறி இங்கே வந்தேன்.

காரணம் மனைவிக்குத் தெரியாது. அவள் வரவேற்பறையில் கொடுத்த தாளை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பரிசோதனைக்கு முன் பதற்றத்தைக் குறைக்கும் வழிகளாம்.

"மூச்ச நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடணுமாம்."

"விடுறேன்."

"மனசுக்குப் பிடிச்ச இடத்த நெனச்சுக்கணுமாம்."

"பஸ் ஸ்டாண்ட். திரும்பிப் போற பஸ்."

"எல்லாத்துக்கும் ஒரு நக்கல். இதக் கேளுங்க. மனசுல உறுத்துற விஷயம் ஏதாவது இருந்தா யார்கிட்டயாவது சொல்லிடணுமாம். பாதி பயம் போயிடுமாம்."

கடைசி வரியையும் வாசித்தாள்.

"முடியலன்னா கையத் தூக்குங்க. உடனே நிறுத்துவோம்."



நான் வேலை செய்யும் அறையில் இந்த வாக்கியத்தைச் சொல்வார் ஒரு சிஸ்டர். எல்லோரும் அவரை 'ஒரு நிமிஷம் அக்கா' என்போம். எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும் "ஒரே நிமிஷம்" என்பார். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களை அவரைப் போல அடக்க ஆள் கிடையாது. இடது பக்கமாகப் படுக்கவைப்பார், வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வாங்கிக்கொள்வார், புறங்கையில் மூன்று முறை தட்டுவார். "முடியலன்னா இந்தக் கையத் தூக்குங்க, நிறுத்திடுவோம்."

நிறுத்த மாட்டோம். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து விட வேண்டும். டாக்டர் சிடுசிடுப்பார், வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். கை எழும்பினால் அக்கா அழுத்திக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு ஆறுதலாகப் பிடித்திருப்பதாகத்தான் தெரியும்.

"அவங்களுக்கு ஒரு வேலை குடுத்து வைக்கிறேன்டா தம்பி," என்பார் என்னிடம். "கைய எப்பத் தூக்கலாம்னு யோசிச்சிட்டே இருப்பாங்க. அதுக்குள்ள முடிஞ்சிடும்."

அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு தையல்காரர் மகளோடு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒடிசலான ஆள். பிராணவாயு அளக்கும் கிளிப்பை விரலில் மாட்டும்போது அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். வருஷக்கணக்காகக் கத்திரிக்கோல் பிடித்துக் காய்ப்பேறி, சொரசொரவென்று இருந்தது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபோதே கையைத் தூக்கித் தூக்கி ஒத்திகை பார்த்தாராம். உள்ளே வந்தும் அதே கேள்விதான்.

"இவ்வளவு தூக்கினா போதுமா சிஸ்டர்? தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்யா."

"இருட்டா இருக்கே?"

"நான்தானே பிடிச்சிருக்கப் போறேன். எனக்குத் தெரியாமப் போகுமா?"

திரை தெளிவாகத் தெரிவதற்காக அந்த அறையை எப்போதும் இருட்டாகத்தான் வைத்திருப்போம். பிராணவாயு குறைந்தால் கத்தும் மெஷினின் சத்தத்தையும் அக்கா அணைத்துவைத்திருந்தார். நோயாளிகள் மிரள்கிறார்களாம்.

குழாய் உள்ளே போயிற்று. அவர் கை எழும்பியது. அக்கா அழுத்தினார். மறுபடி எழும்பியது. "அவ்வளவுதான், ஒரே நிமிஷம்." மூன்றாவது தடவை முழங்கையோடு எழும்பியது. அக்கா உடம்பின் பாரத்தையெல்லாம் சேர்த்து அதை மெத்தையில் வைத்து அழுத்தினார். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தையல்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை அடங்கிவிட்டது.

"பாத்தீங்களா, பழகிடுச்சு," என்றார் அக்கா, புறங்கையில் தட்டி.

குழாயை உருவிய பிறகுதான் உதடு நீலமாயிருந்தது தெரிந்தது. இருபது நிமிஷம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள். பிரயோஜனமில்லை.

வெளியே மகள் அழுதுகொண்டே ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "அப்பா கை தூக்கினாராக்கா?"

"தூக்கவே இல்லம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன்.

"அப்ப அவருக்கு வலிக்கலதானே?"

"கொஞ்சம்கூட வலிக்கலம்மா. தூங்கற மாதிரி இருந்தார்."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். பத்து நாள் கழித்து, அப்பாவின் மெஷினில் தானே தைத்த ஆறு தலையணை உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் அறைக்காம். "வேற வேணும்னா கூப்பிடுங்கண்ணா" என்று நம்பரும் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா அன்றைக்கே உறைகளை மாட்டிவிட்டார். நல்ல துணி.

அதன் பிறகுதான் எங்கள் அறையில் கைகள் எழும்ப ஆரம்பித்தன.

முதலில் ஒரு பாட்டியம்மா. நாற்பது கிலோ இருந்தால் அதிகம். அவர் கை விறைப்பாக, நேராக மேலே போயிற்று. அக்கா இரண்டு கையாலும் தொங்காத குறையாகப் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை. டாக்டர் திரும்பிப் பார்த்து, வேறு வழியில்லாமல் குழாயை வெளியே எடுத்தார். மூச்சு வாங்கி முடித்ததும் பாட்டியம்மா சொன்னார்:

"நான் எங்க தூக்குனேன்? யாரோ தூக்கி விட்டாங்க. நல்ல மனுஷன். கட்டைவெரல்தான் சொரசொரன்னு இருந்துச்சு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் ஆறு பேர். அடுத்த வாரம் ஒன்பது பேர். ஒவ்வொரு முறையும் டாக்டர் நிறுத்த வேண்டியதாயிற்று. எங்கள் அறையில் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது அந்த ஒரு மாசம்தான்.

பிறகு அக்காவுக்கே விழுங்குவதில் சிரமம் வந்தது.

மேஜையில் படுப்பதற்கு முன் என்னை ஓரமாக இழுத்துப் போனார். அவர் வாயில் மரத்துப்போகும் மருந்தின் கசப்பு வாடை அடித்தது. நாக்கு தடித்து, பேச்சு குழறியது.

"தம்பி, டாக்டர் ஸ்கிரீனத்தான் பாப்பார். நான் கை தூக்கினா நீ பாத்துச் சொல்லணும்டா."

"சரிக்கா."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

புதிதாக வந்த நர்ஸ் அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். கையை யாரும் பிடிக்கவில்லை. அது மெத்தை விரிப்பின் மேல் தனியாகக் கிடந்தது.

குழாய் இறங்கியது.

அக்காவின் தோள் துடித்தது. கை மட்டும் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். புறங்கைத் தோல் நாலு இடத்தில் உள்வாங்கியிருந்தது. மேலிருந்து யாரோ அழுத்துவதுபோல விரல்களெல்லாம் பரந்து, நகக்கண் வெளுத்திருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். தலையணை உறையில் கன்னம் புதைந்திருக்க, ஒரு கண்ணால் மட்டும் பார்த்தார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கை தூக்கினால்தானே சொல்வதாக ஒத்துக்கொண்டேன், அவர் தூக்கவில்லையே என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பூசி மெழுகுவது. நான் வாயைத் திறந்தால் அது அக்காவின் கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தேன். அதுதான் உண்மை.

பிராணவாயு அளக்க, சத்தத்தோடு வேலை செய்யும் புது மெஷின் வாங்கியிருந்தோம். அது கடைசிவரை தொண்ணூற்றெட்டு என்றே காட்டியது. அக்கா செத்து ஐந்து நிமிஷம் கழித்தும் காட்டியது.

"கை தூக்கினாங்களா?" என்றார் டாக்டர், வியர்வையைத் துடைத்தபடி.

"இல்ல டாக்டர்."

அன்றைக்கு மகளிடம் சொன்ன அதே பொய். இந்த முறை உண்மை.

இப்போது உங்களுக்குத் தெரியும், நான் ஏன் வேறு ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்று. பாட்டியம்மாவுக்குக் கையைத் தூக்கிவிட்ட அது, அக்காவுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டது. எனக்கு என்ன செய்யும்? நான் அழுத்தவில்லை. ஆனால் தலையாட்டினேன்.

மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். எனக்குக் கொடுக்கக் கூடாது என்பதால் ஒளிந்து குடிக்கப் போனாள், நல்லவள். நான் தொடை மேலிருந்த வலது கையைப் பார்த்தேன். சும்மா ஒரு ஒத்திகை. தையல்காரர் பார்த்தாரே, அதுபோல.

நான் தூக்குவதற்கு முன்பே கை எழும்பியது.

மெதுவாக, அலுங்காமல். மணிக்கட்டை அடியிலிருந்து ஓர் உள்ளங்கை தாங்கியிருந்தது. சில்லென்று, சொரசொரவென்று. தோள் உயரம்வரை தூக்கிக் காட்டிவிட்டு, பழையபடி தொடையில் கொண்டுவந்து வைத்தது.

மூன்று பஸ் மாறி வந்தது வீண். அது என்னோடு டிக்கெட் வாங்காமல் வந்திருக்கிறது.

பயத்தில் நான் யோசிக்கவில்லை. அந்தக் கை என்ன செய்தது என்று ஒரு நிமிஷம் நிதானித்துப் பார்த்திருந்தால் போதும். நான் பார்த்தது மனைவி விட்டுப்போன தாளை. மனசில் உறுத்துவதை யாரிடமாவது சொல்லிவிடுங்கள். பாதி பயம் போய்விடும்.

செல்போனை எடுத்துத் தையல்காரரின் மகளைக் கூப்பிட்டேன்.

"அண்ணா! நல்லா இருக்கீங்களா? உறை பழசாயிடுச்சா?" பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அது இல்லம்மா. ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உங்கப்பா கை தூக்கினார்."

மெஷின் நின்றது.

"எத்தன தடவ?"

"மூணு தடவ. சிஸ்டர் அழுத்திட்டாங்க. நான் பாத்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் தூக்கல."

பிறகு, மிக மெல்லிய குரலில் கேட்டாள். "இத ஏன்ணா இப்ப சொல்றீங்க?"

"எனக்கு இன்னைக்கு எண்டோஸ்கோபிம்மா. பயமா இருக்கு."

"அவருக்கு வலிக்கலங்கறத மட்டும் நெனச்சுதாண்ணா நான் தெனம் தூங்குறேன்."

நான் கட் செய்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. தாளில் போட்டது சரிதான், பாதி பயம் போயே போய்விட்டது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இப்போது இடது பக்கமாகப் படுத்திருக்கிறேன். அறை இருட்டு. தொண்டை மரத்து, எச்சில் விழுங்க முடியவில்லை. பல்லுக்கு நடுவில் பிளாஸ்டிக் வளையத்தை வைத்து, பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டிவிட்டார்கள். இனி பேச முடியாது. பரவாயில்லை. இங்கே இருக்கும் நர்ஸ் பெண் நல்ல மாதிரி.

"முடியலன்னா கையத் தூக்குங்க சார். மத்த எடம் மாதிரி இல்ல, நாங்க நெஜமாவே நிறுத்திடுவோம். எங்க, ஒரு தடவ தூக்கிக் காட்டுங்க."

தூக்கப் பார்த்தேன்.

தூக்க முடியவில்லை.

பார்வையைத் தாழ்த்தினேன். என் புறங்கைத் தோல் நாலு இடத்தில் உள்வாங்கியிருக்கிறது.

அப்போதுதான் புரிந்தது. வெளியே நாற்காலியில் அந்தக் கை எனக்கு உதவத்தான் வந்தது. பாட்டியம்மாவுக்குத் தூக்கிவிட்டதுபோல எனக்கும் தூக்கிவிட இருந்தது. அது என்னை மன்னித்திருந்தது. நான் அதன் மகளைக் கூப்பிட்டேன்.

கத்தினேன். வளையத்துக்குள் கொழகொழவென்று ஒரு சத்தம் வந்தது.

"சத்தம் வரும் சார், எல்லாருக்கும் வர்றதுதான்," என்றாள் நர்ஸ். டாக்டரிடம் திரும்பிச் சிரித்தாள். "தைரியமான ஆளு டாக்டர். கையே தூக்க மாட்டேங்கறார்."

"அப்ப ஆரம்பிச்சிடலாம்," என்றார் டாக்டர், திரையைப் பார்த்தபடி.

கறுப்புக் குழாய் வாய்க்கு நேராக வருகிறது. என் கையின் மேல், காய்ப்பேறிய ஒரு கட்டைவிரல் ஆறுதலாக மூன்று முறை தட்டுகிறது.