அம்மா பங்கு அரிசி

சுகிர்தத்துக்குச் சோறு பொங்கத் தெரியும். குறைத்துப் பொங்கத்தான் தெரியவில்லை.

சிவாஜிநகர் சந்தைக்குப் பின்னால் இருந்த சந்தில் அவள் வீடு. பத்து வயதுப் பெண் அடுப்பு மூட்டி, உலை வைத்து, பதமாகச் சோறு வடிக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள். மெச்சாமல் என்ன செய்வார்கள்? அவள் அம்மா மரகதம் விஷக்காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அது ரேஷன் காலம். அரிசி கடையில் நினைத்தபோது கிடைக்காது. கார்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் வாரா வாரம் அளந்து போடுவார்கள். அதனால் சுகிர்தத்தின் வீட்டில் பகலில் கேழ்வரகுக் களியுருண்டையான முத்தே, ராத்திரி மட்டும் சோறு. அம்மா ஒரு தகர டம்ளரால் அரிசியை அளப்பாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, சுகிர்தத்துக்கு முக்கால், ஐந்து வயதுத் தம்பி டென்சிலுக்கு அரை. டென்சில் தனக்கும் ஒன்று வேண்டும் என்று தினமும் சண்டை போடுவான். போட்டதில் பாதியை மிச்சம் வைப்பான்.

அளந்த அரிசியைக் கழுவுவதற்கு முன்னால் அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போடுவாள். அது கோயிலுக்கு. ஆண்டவர் பங்கு முதலில், நம் பங்கு அப்புறம் என்பாள். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலிலிருந்து சந்திரம்மா துணிப்பையோடு வீடு வீடாக வந்து அந்தப் பிடியரிசியை வாங்கிப்போவார். மறுநாள் ஆராதனை முடிந்ததும், சபையில் அடுப்பெரியாத வீடுகளுக்கு அது போய்ச் சேரும்.

அம்மாவை அடக்கம் செய்த அந்த வாரமும் சந்திரம்மா வந்தார். அப்பா அய்யாவு கதவருகிலேயே அவரை நிறுத்திவிட்டார். துணிக்கடையில் துணி அளந்து கிழிக்கும் வேலை அவருக்கு. அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு மட்டும் பேசினார்.

"இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்கக்கா. பதினோரு வருஷம் ஒரு நாள் தவறாம பிடி பிடியா போட்டா. அவளுக்கு ஒரு பிடி உயிரு மிச்சம் வெக்கலியே அந்த ஆண்டவரு."

சந்திரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அப்பா கோயில் பக்கமே போகவில்லை. பிள்ளைகளை மட்டும் தடுக்கவில்லை. சுகிர்தம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பிக்குத் தலை சீவி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பெண்கள் பக்கத்தில் அம்மா உட்காரும் பெஞ்சிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள்.

சோற்றுக் கதைக்கு வருவோம். சுகிர்தம் அம்மாவைப் போலவே அளந்தாள். ஒன்று, ஒன்று, முக்கால், அரை. இரண்டாவது டம்ளரை விட்டுவிட அவளுக்குக் கை வரவில்லை. விட்டால் அம்மாவைச் சாப்பிடாதே என்று சொன்னதுபோல் இருக்கும். அதனால் ஒவ்வொரு ராத்திரியும் பானையில் ஒரு ஆள் சோறு மீந்தது. அப்பா அதைப் பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் கேட்டே விட்டார்.

"யாருக்கு இது?"

சுகிர்தம் வாயைத் திறப்பதற்குள் டென்சில் பதில் சொல்லிவிட்டான். "அம்மாவுக்கு."

அப்பா தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து வெளியே போனார். அன்றைக்கு அவர் அரை வயிறுகூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் சுகிர்தம் அந்த இரண்டாவது டம்ளரை உலையில் போடவில்லை. பையில் திருப்பிக் கொட்டவும் மனமில்லை. பிஸ்கட் டின் காலியாகத்தான் கிடந்தது. அதில் கொட்டினாள். நம் அரிசியைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதானே அப்பா சொன்னார்? இது நம்முடையது இல்லை, அம்மாவுடையது. அம்மா இருந்தால் கொடுத்திருப்பாள். இப்படி நினைத்ததும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. டின் நிறைந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று தினமும் ஒரு டம்ளர் அதில் போட்டுவந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சந்திரம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவளிடம் வந்தார். இறந்தவர்களை நினைக்கும் ஆராதனை அடுத்த வாரம். அந்த வருடம் சபையில் மரித்தவர்களின் பெயர்களைப் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயரைக் கேட்டதும் அந்த வீட்டார் எழுந்து நிற்க வேண்டும். அம்மாவின் பெயரை நோட்டில் எழுதியாகிவிட்டது என்று சந்திரம்மா காட்டினார்.

"உங்கப்பாவையும் வரச் சொல்லும்மா. அவரு நின்னாத்தான் அவளுக்கு மரியாதை."

சுகிர்தம் வீட்டில் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் நில்லுங்கள், போதும் என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். போன வருடம் ஒரு பெரியவரின் பெயரை வாசித்தபோது அவர் வீட்டில் ஒருவரும் வராததால் யாருமே எழுந்து நிற்கவில்லை. போதகர் கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அது சுகிர்தத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மாவுக்கு இரண்டு குட்டிப் பிள்ளைகள் மட்டுமா நிற்பது?

சனிக்கிழமை ரேஷன் கடையில் நீளமான வரிசை. அவள் முறை வந்தது. கடைக்காரர் கார்டைப் பிரித்து, எல்லா வாரமும் கேட்பதுபோலக் கன்னடத்தில் கேட்டார்.

"நால்கு ஜனா?"

சுகிர்தம் எல்லா வாரமும் ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டினாள். நான்கு பேருக்கான அரிசி பையில் விழுந்தது.

பாதி வழியில் அவள் கால்கள் நின்றுவிட்டன. கடையில் அம்மா இருக்கிறாள் என்று இப்போது தலையாட்டியாகிவிட்டது. நாளைக்குக் கோயிலில் அம்மா போய்விட்டாள் என்று எழுந்து நிற்கப்போகிறாள். இரண்டும் எப்படி உண்மையாகும்? அம்மா போய்விட்டாள் என்றால், டின்னில் இருப்பது அம்மா பங்கும் இல்லை. பொய் சொல்லி வாங்கிய அரிசி. அதையா ஆண்டவருக்குக் கொடுப்பது? அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. தெருவிலேயே நின்று அழுதாள்.

அழுதுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றாள். அம்மா இறந்துவிட்டாள், மூன்று பேர்தான் என்று கடைக்காரரிடம் சொன்னாள். அவர் அவளைத் திட்டவில்லை. பேரை எடுக்க வேண்டுமானால் அப்பா வர வேண்டும் என்று மட்டும் சொல்லி, பையோடு அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அவள் நடந்ததைச் சொன்னாள். டின்னையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். அப்பா கார்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியாம இல்லம்மா," என்றார். "அவ பேர அரிசிக்காக விட்டு வெக்கல. இதுலயும் அவ பேர அடிச்சிட்டா, அப்புறம் எந்தக் காயிதத்துலயும் அவ இருக்க மாட்டா."

சுகிர்தம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோயில்ல இருக்காங்கப்பா. சந்திரம்மா பெரியம்மா நோட்டுல எழுதியிருக்காங்க. நானே பாத்தேன். நாளைக்கு வாசிப்பாங்க."

அப்பா எழுந்தார். டின்னையும் அன்று வாங்கிய பையையும் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். சுகிர்தம் தம்பியைக் கூட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கடை மூடும் நேரம். கடைக்காரர் டின்னில் இருந்த அரிசியையும் பையில் இருந்த அதிகப்படி அரிசியையும் திரும்ப நிறுத்து வாங்கிக்கொண்டார். முன்பு தின்று தீர்த்ததை வரும் வாரங்களில் கழித்துக்கொள்ளும்படி அப்பாவே சொன்னார். பிறகு கடைக்காரர் பேனாவைச் சிவப்பு மையில் தொட்டு எடுத்தார். ஒரு நிமிஷம் என்று அப்பா கையால் தடுத்தார். குனிந்து அந்தப் பெயரை ஒரு தடவை படித்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். மரகதம் என்ற எழுத்தின்மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

டென்சிலுக்குக்கூட அன்று ஏதோ புரிந்திருக்க வேண்டும். வழியில் பட்டாணி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சுகிர்தம் முதல்முறையாக மூன்று பேருக்கு அளந்தாள். ஒன்று, முக்கால், அரை. அரிசி பானையின் அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சமாகத் தெரிந்தது. கழுவத் தண்ணீர் எடுத்தபோது அப்பா கேட்டார்.

"ஆண்டவர் பங்கு எடுத்தியா?"

"நீங்க வேணாம்னீங்களே."

"இது நம்ம அரிசிதானே. எடு."

அவள் ஒரு பிடி எடுத்தாள். அவள் பிடி அம்மாவின் பிடியைவிடச் சின்னது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதுதான் சமயம் என்று அவள் மெதுவாகக் கேட்டாள், நாளைக்கு வருவீர்களா என்று.

"எனக்கு அவர்மேல இன்னும் கோவம் இருக்கும்மா."

"கோவத்தோடயே வாங்கப்பா," என்றாள் சுகிர்தம். "வந்து சும்மா உக்காருங்க. பாடக்கூட வேணாம்."

அப்பா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். 

காலையில் எழுந்து பார்த்தபோது அப்பா வீட்டில் இல்லை. ஆராதனை மணி அடிக்கும்வரை பார்த்துவிட்டு, சுகிர்தம் தம்பியோடு கிளம்பினாள். கோயிலில் ஆண்கள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்பாவைக் காணவில்லை. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. போதகர் நோட்டைப் பிரித்தார்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீட்டார் எழுந்து நின்றார்கள். ஆறாவது பெயர் அம்மாவுடையது.

"மரகதம் அய்யாவு."

சுகிர்தம் எழுந்து நின்றாள். உயரம் போதாது என்று டென்சில் பெஞ்சின்மேலேயே ஏறி நின்றான். அவனை இறங்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. 

ஆண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சு கிறீச்சிட்டது. சிலர் திரும்பினார்கள். டென்சில் கோயில் என்பதையும் மறந்து, "அக்கா, அப்பா" என்றான்.

அப்பாதான். எப்போது வந்து உட்கார்ந்தாரோ, கதவோரம் எழுந்து நின்றிருந்தார். கையில் கொஞ்சம் செவ்வந்திப் பூ இருந்தது. விடியற்காலையில் கல்லறைக்குப் போய், அங்கே வைத்ததுபோக மிச்சம். அவர் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டையில் விழுந்தது, அவர் அதைத் துடைக்கவே இல்லை.

போதகர் அடுத்த பெயரை உடனே வாசிக்கவில்லை. அப்பா உட்காரட்டும் என்று காத்திருந்தார். அப்பா உட்காரும்வரை சுகிர்தமும் உட்காரவில்லை.