ஏழாவது விதி

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

பந்தல்குடிப் பள்ளிக்கூடத்தில் டெலிபோன் அலறியது.

ஹெட்மாஸ்டர் அறையில் அது அலறினால் ஒன்று இன்ஸ்பெக்‌ஷன். இல்லையென்றால் சாவு.

ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எலிசபெத் டீச்சரைக் கூப்பிட பியூன் வந்தபோது மணி மூன்றரை. சாக்பீஸைக் கீழே வைக்கக்கூட மறந்து, ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாள்.

"டீச்சர்... ஜாபேஸ் பேசுறேன். அருஞ்சுனை அண்ணாச்சி செத்துட்டாரு."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நூல் கடை மாடியில டீச்சர். பட்டப்பகல்ல. ரெண்டு மணிக்குச் சாப்பாடு கொண்டுபோன அவுக வீட்டம்மாதான் முதல்ல பார்த்திருக்காக. கழுத்துல ரெண்டு ஓட்டை. உடம்புல பொட்டு ரத்தம் இல்லை."

"ஆன்சிக்கு நடந்த மாதிரியே..."

"அதே மாதிரிதான். பாம்புன்னு சொல்லி அந்தப் பிள்ளையை அடக்கம் பண்ணிட்டோம். இங்க மேசையில ரெண்டு கலர் சோடா பாட்டில் இருக்கு டீச்சர். ஒண்ணு காலி. ஒண்ணு மூடியைத் திறந்தபடி அப்படியே இருக்கு. பாம்பு வந்தா யாராச்சும் கலர் உடைச்சு வைப்பாகளா?"

சாக்பீஸ் அவள் விரலுக்குள் முறிந்தது.

எழுதியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் போய்விட்டார்கள்.

மிச்சம் இருப்பது எலிசபெத்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், 1987-ல், தொடங்கிய விஷயம் இது.

அருப்புக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த ஜாபேஸுக்குத் திடீரென்று மாத நாவல் ஆசை வந்தது. திருச்சுழி நர்ஸ் ஆன்சி, நூல் வியாபாரி அருஞ்சுனை, கணக்கு டீச்சர் எலிசபெத்... மூவருக்கும் எழுத்துப் பைத்தியம். மூவரையும் அச்சகத்தில் உட்கார வைத்துத் தன் யோசனையைச் சொன்னார். உலகம் ஒன்று, கதைகள் மூன்று. மனிதர்களுக்கும் ரத்தக்காட்டேரிகளுக்கும் போர். போர்க்களம் சீமை இல்லை, நம்ம கரிசல் காடு. திருச்சுழி காட்டேரிகளிடம் விழுந்துவிட்டது. அருப்புக்கோட்டை இன்னும் விழவில்லை. நடுவில் மைல்கணக்கில் கருவேலங்காடு.

ஆளுக்கொரு கதை எழுதலாம். ஆனால் எல்லார் கதையிலும் காட்டேரி ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஆன்சி கதையில் செத்த காட்டேரி அருஞ்சுனை கதையில் எழுந்து வந்து டீ குடிக்கக் கூடாது.

அதற்காகத்தான் போர் விதிகள். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் அவை அச்சாயின.

முதல் விதி: வீட்டு ஆள் வாய் திறந்து 'வாங்க' என்று கூப்பிடாமல் காட்டேரி நிலைப்படி தாண்டாது.

ஏழாவது விதி: பகல் வெயில் பட்டால் காட்டேரி சாம்பல்.

நடுவில் வேப்பிலை, இரும்பு, சிலுவை என்று ஐந்து.

மூன்று புத்தகங்கள் வந்தன. மதுரை பஸ் ஸ்டாண்டு வரை பறந்தன. பொழுது சாய்ந்தபின் கதவைத் தட்டினால் எங்கள் தெருவில் யாரும் 'வாங்க' சொல்வதில்லை, 'யாரு' என்று மட்டும்தான் கேட்கிறோம் என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். மூவரும் படித்துப் படித்துச் சிரித்தார்கள்.

போன மாதம் அருஞ்சுனை அவளிடம் சொல்லியிருந்தார், அந்த ஏழாவது விதி அபாரம், வாத்தியார் மூளையே தனி என்று. எலிசபெத் அது ஆன்சி எழுதியது என்றே நினைத்திருந்தாள். அண்ணாச்சி கேலி செய்கிறார் போல என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை. ஜாபேஸின் அச்சகம்.

தெரு முழுக்க விசைத்தறிகள் கடகடத்துக்கொண்டிருக்க, இங்கே டிரெடில் அச்சு மிஷின் ஓய்ந்து கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஆளை அவித்து எடுக்கும் வெக்கை. சப்-இன்ஸ்பெக்டர் சாம்ராஜின் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூலையில் அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் சோலை மட்டும் எதுவும் நடக்காதது போல அச்சு எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கலாம். ஒல்லி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். அச்சு எழுத்து இடம் வலம் மாறித் தெரியும் என்பதால் புதிதாக வருகிறவர்கள் கண்ணாடி பிடித்துத்தான் படிப்பார்கள். சோலை வந்த முதல் நாளே அந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டான். எனக்கு இது வேண்டியதில்லை என்றானாம். ஜாபேஸ் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

சாம்ராஜ் டீ வரவழைத்தார். நாலு பேருக்கும் நாலு கிளாஸ். பிறகு சட்டைப் பையிலிருந்து மூன்றாவது புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தை விரித்தார்.

"டீச்சரம்மா, உங்க விதிப்படியே வருவோம். நர்ஸம்மா செத்தது காலை பதினோரு மணிக்கு. அண்ணாச்சி பகல் ஒண்ணரைக்கு. ஏழாவது விதி என்ன சொல்லுது?"

"பகல்ல காட்டேரி வராது."

"அப்ப வந்தவன் மனுசன். உங்க புத்தகத்தைப் படிச்ச மனுசன். ரெண்டு இடத்துலயும் கதவு உடையலை. வந்தவனை உக்கார வச்சு உபசாரம் பண்ணியிருக்காக. நர்ஸம்மா போட்ட காபி ஆடை படிஞ்சு அப்படியே இருந்துச்சு. அண்ணாச்சி கடையில கலர். ரெண்டையும் அவன் தொடலை."

"ஏன் தொடலை?"

"வேற குடிக்க வேண்டியிருந்துச்சுல்ல."

சிரித்தது அவர் மட்டும்தான்.

கொலையாளி எலிசபெத்துக்கும் தெரிந்தவனாகத்தான் இருப்பான், ஆளைப் பிடிக்கும்வரை தெரிந்த முகத்தைத்தான் நீங்கள் நம்பக் கூடாது என்றார். சொல்லிக்கொண்டே ஜாபேஸின் மேசை டிராயரை இழுத்தார்.

இழுத்த கை அப்படியே நின்றது.

உள்ளே இரண்டு ஊசிகள். தப்பாகக் கோத்த எழுத்தைக் கிளப்பி எடுக்கக் கம்பாசிட்டர்கள் வைத்திருக்கும் ஊசி. இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து நூலால் கட்டியிருந்தது. முனையில் காய்ந்த கறுப்பு.

மையா? சாம்ராஜ் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். மை இல்லை.

"ஆன்சி செத்த சேதி பேப்பர்ல வந்ததும் உங்க புத்தகம் மூணு தடவை மறுபடி அச்சாச்சாமே, ஜாபேஸ்?"

ஜாபேஸ் வெளிறிப்போனார். ஜீப்பில் ஏறும்போது அவர் கத்தவில்லை, அழவில்லை. எலிசபெத்தை மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஊசி பிடிச்சே பத்து வருசம் ஆச்சு டீச்சர். கோக்கிறது பூராவும் சோலைதான்."

ஜீப் போய்விட்டது. வாசலில் நின்ற எலிசபெத்திடம் சோலை மெதுவாக வந்தான். முதலாளி இல்லையென்றாலும் நாலாவது புத்தகம் நிற்காது என்றும், சனிக்கிழமை மத்தியானம் புரூஃபை வீட்டுக்கே கொண்டு வருவதாகவும் சொன்னான். அந்த வெக்கையிலும் அவன் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

அவனுடைய நிறைந்த டீ கிளாஸில் ஈ உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு.

பந்தல்குடியில் எலிசபெத்தின் வீடு தூத்துக்குடி ரோட்டைப் பார்த்து இருந்தது. லோடு லாரி போகும்போதெல்லாம் ஓடு அதிரும். அவள் கணவர் யேசுதாசன் ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, உள்ளறையில் மின்விசிறிக்கு நேர் கீழே தூங்கிக்கொண்டிருந்தார்.

நல்ல மனுஷர். ஒரே ஒரு வியாதி. வாசலில் நிழல் விழுந்தால் போதும், யார் என்று பார்க்கும் முன்னாலேயே வாய் 'வாங்க' என்று சொல்லிவிடும். போன மாதம் கரண்டு பீஸைப் பிடுங்க வந்த ஆளுக்கே மோர் கொடுத்து அனுப்பியவர்.

கொலையாளி லாக்கப்பில் இருக்கிறான், இனிப் பயமில்லை. எலிசபெத் தனக்குத்தானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டாள். நாலாவது புத்தகத்தை அருஞ்சுனைக்கும் ஆன்சிக்கும் சமர்ப்பணம் செய்ய வேண்டும். மூவரும் முதல் நாள் உட்கார்ந்து பேசியதை முன்னுரையாக எழுதலாம் என்று டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய நோட்டை எடுத்தாள். அன்றைக்கு மூவரும் சொன்ன விதிகளை நோட்டில் எழுதியது அவள்தான். இன்னொரு நகல் எடுத்து அச்சகத்துக்குக் கொடுத்ததும் அவள்தான்.

பக்கத்தைப் புரட்டினாள்.

முதல் விதி... வாங்க. இரண்டாவது... வேப்பிலை. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

அடுத்த பக்கம் காலி.

மறுபடி எண்ணினாள். கணக்கு டீச்சர். ஆறு என்றால் ஆறுதான்.

ஏழாவது எங்கே?

அவள் எழுதவில்லை. அவள்தான் எழுதினாள் என்று அருஞ்சுனை நினைத்திருந்தார். ஆன்சி யாரை நினைத்தாளோ? ஜாபேஸாக இருக்குமா? முதல் புத்தகம் வந்தபோது அவரும், கடைசியில் ஒரு விதியைச் சேர்த்து அனுப்பிவிட்டீர்களே என்று மூவரையும் மெச்சினாரே...

அவளுடைய கையெழுத்துக்கும் அச்சுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ஜோடிக் கை.

"டீச்சர்..."

வாசலில் சோலை நின்றுகொண்டிருந்தான். உச்சி வெயில் அவன் தலையில் நேராகக் கொட்டியது. கையில் சுருட்டிய காகிதம்.

"வா..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

சோலையின் மூக்கு லேசாக விடைத்தது.

நிலைப்படிக்கு எதிர்ச்சுவரில் யேசுதாசன் சவரம் செய்யும் கண்ணாடி தொங்கியது. அதில் வாசல் தெரிந்தது. ரோடு தெரிந்தது. அந்தப் பக்கத்துப் பஞ்சர் கடை தெரிந்தது.

சோலை தெரியவில்லை.

"புரூஃப் கொண்டாந்திருக்கேன் டீச்சர்."

"அங்கேயே... வச்சிட்டுப் போங்க."

"பிழை இருந்தா பார்த்துச் சொல்லுங்க."

"ஏழாவது விதி பிழை."

அவள் குரலைத் தாழ்த்தியே பேசினாள். உள்ளே தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாது. சோலை சிரித்தான். நோட்டு அவள் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டான்.

"அதை இன்னும் வச்சிருக்கீகளா? நான் நினைக்கலை."

"யாரு சேத்தது?"

"நான்தான் கோத்தேன். மூணு பேரும் விளையாட்டா ஆறு விதி எழுதுனீக. அதுல அஞ்சு சும்மா. வேப்பமரத்து நிழல்லதான் நான் படுத்துத் தூங்குறேன். ஆனா முதல் விதி இருக்கே... அது எப்படித்தான் உங்களுக்குத் தோணுச்சோ. ஊரே அதைப் படிச்சா நான் எந்த வீட்டுக்குள்ள போறது?"

"அதை எடுத்திருக்கலாமே?"

"எடுத்தா அன்னைக்கே மூணு பேரும் சண்டைக்கு வந்திருப்பீக. சேத்தா யாரும் கேக்க மாட்டீக. மத்தவுக எழுதுனதுன்னு ஆளுக்கு ஆள் நினைச்சுக்கிருவீக." அவன் வெயிலை அண்ணாந்து பார்த்தான். கண் கூசவில்லை. "வெயில் பட்டா நான் சாம்பல்னு போட்டேன். ராத்திரி கதவை அடைச்சுக்கிட்டாக. பகல்ல பயம் விட்டுப்போச்சு. பகல்ல வந்தவனை வாங்கன்னு சொல்லாத வீடு நம்ம பக்கம் உண்டா டீச்சர்?"

ஆன்சி சொன்னாள். காபி போட்டாள். அருஞ்சுனை சொன்னார். கலர் உடைத்து வைத்தார்.

எலிசபெத் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் பாதத்துக்கும் அவனுக்கும் நடுவில் நாலு அங்குல மரச்சட்டம். அதை அவன் தாண்ட முடியாது. சாம்ராஜிடம் போக வேண்டும். ஜாபேஸை வெளியே கொண்டுவர வேண்டும். அதுவரை ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும்.

"நான் சொல்ல மாட்டேன்."

"தெரியுது டீச்சர்," என்றான் சோலை மரியாதையாக.

பிறகு தொண்டையைச் செருமினான். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியவன் போலக் குரலை உயர்த்தினான்.

"ரொம்பத் தாகமா இருக்கு டீச்சர்! குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

உள்ளறையில் பாய் சரசரத்தது.

எலிசபெத் திரும்பி ஓடினாள். யேசுதாசன் கைலியை இறுக்கிக்கொண்டு, பாதிக் கண்ணைத் திறந்தபடி வந்துகொண்டிருந்தார். பேசாதீங்க என்று அவர் வாயைப் பொத்தப் பாய்ந்தாள். அவர் அந்தக் கையை விலக்கி, அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். கொதிக்கும் வெயிலில், தண்ணீர் கேட்டு, ஒரு மனிதன்.

யேசுதாசனின் முகம் மலர்ந்தது.

"மன்னிச்சுக்கங்க தம்பி. இவளுக்குக் கதை எழுதத்தான் தெரியும், வந்தவுகளை மதிக்கத் தெரியாது. நீங்க உள்ள வாங்க."