ஆளுக்கு ஒரு காது

அத்தான் வீட்டு வாசலில் பைக் நின்றது. வலது பக்கக் கண்ணாடி இல்லை. உடைந்து போகவில்லை, ஸ்பேனர் வைத்து ஒழுங்காகக் கழற்றியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எதைக் கழற்றினாலும் சுத்தமாகக் கழற்றுவார்.

நான் போனது அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வர. அக்கா செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. குட்டி இனிமேல் எங்களோடு இருக்கட்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அதைப் போய்ச் சொல்ல வீட்டில் என்னை விட்டால் வெட்டியாக வேறு ஆள் இல்லை.

மத்தியான வெயில் ஹாலில் பாதி வரைக்கும் வந்திருந்தது. துவைக்காத துணியின் வாடை. வலது காதில் இயர்பட் மாட்டியபடியே அத்தான் கதவைத் திறந்தார்.

"ஸ்கூல் விடற நேரம். குட்டியைக் கூட்டிட்டு வரக் கிளம்பறேன்," என்றார்.

"பைக்லயா? காதுல அதை மாட்டிக்கிட்டா?"

"பின்ன?"

"அக்காவைக் கொன்னது பத்தலையா அத்தான்?"

"நைட் ஷிஃப்ட்ல தூங்கி வழிஞ்சு வேலையை விட்டவன் நீ, மாப்ள. பிள்ளை வளர்க்க எனக்குப் பாடம் எடுக்காத." கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவர்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஒரு ஜோடி இயர்பட், ஆளுக்கு ஒன்று. அவருக்கு வலது காதில். பின்னால் உட்காரும் அக்காவுக்கு இடது காதில். ஒரே பாட்டு. அவருடைய இடது காது திறந்திருக்கும். இடது பக்க ரோடு அவர் பொறுப்பு. அக்காவின் வலது காது திறந்திருக்கும். வலது பக்கம் அவள் பொறுப்பு. அந்தப் பக்கம் வண்டி வந்தால் அவர் வலது தோளில் ஒரு தட்டு தட்டுவாள். தட்டு விழவில்லையென்றால் அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வலது பக்கம் திரும்புவார். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். நாங்கள் திட்டுவோம். அவர்களுக்கு அது பெருமை.

அன்றைக்கு அக்காவுக்கு இடது காதில் வலி. சொட்டு மருந்து விட்டுப் பஞ்சு வைத்திருந்தாள். பாட்டை விட மனசில்லாமல் இயர்பட்டை வலது காதில் செருகிக்கொண்டாள். அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி முனையில் தட்டு விழவில்லை. அவர் திரும்பினார். வலது பக்கம் லாரி வந்தது.

அவருக்குக் கால் உடைந்தது. அக்காவை நான்தான் போய் அடையாளம் சொன்னேன். இடது காதில் பஞ்சு மட்டும் அப்படியே இருந்தது. அவள் போட்டிருந்த இயர்பட் கிடைக்கவே இல்லை.

"அவ இன்னும் தட்டறா," என்றார் அத்தான்.

"உளறாதீங்க."

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் இரண்டு இயர்பட் படம். வலது, இணைந்திருக்கிறது. இடது, அதுவும் இணைந்திருக்கிறது. இடதில் சார்ஜ் முழுசாக இருந்தது.

"காணாமப் போனதுக்கு யாருடா சார்ஜ் போடறது?"

"போன் கோளாறு."

"சரி, நீயே ஓட்டிப் பாரு. இதை மாட்டிக்கிட்டுப் போய்க் குட்டியைக் கூட்டிட்டு வா. அவ தட்டலேன்னா பிள்ளையை நீங்களே வெச்சுக்கோங்க. தட்டினா, உங்க அம்மாவை வாயை மூடிட்டு இருக்கச் சொல்லு."

சாவியையும் போனையும் வாங்கிக்கொண்டேன். இதைவிடச் சுலபமாக அந்தக் குழந்தையை மீட்க முடியாது என்று நினைத்தேன்.

இயர்பட் அவர் காதுச் சூட்டோடு இருந்தது. பழைய பாட்டு, பெண் குரல். ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினேன். பட்டப்பகல். பேருந்துகள், பெட்ரோல் பங்க், வங்கி வாசலில் வரிசை. பயப்பட எதுவும் இல்லை.

முதல் சரணம் தொடங்கும்போது வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது.

பள்ளமாக இருக்கும்.

காது மருந்தின் எண்ணெய் வாடை ஹெல்மெட்டுக்குள் வந்தது.

வலது தோளில் ஒரு தட்டு.

தலையைத் திருப்பினேன். ஒரு வேன் உரசுகிற மாதிரி என்னை முந்திப் போனது. அதன் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

ஓரங்கட்டி இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அக்காவின் விரல்தான் அது, எனக்கு அழுகை வந்தது. சின்ன வயதில் பரீட்சைக்கு எழுப்பும்போதும் இப்படித்தான், நுனி விரலால், அவசரமில்லாமல்.

மார்க்கெட் தாண்டியதும் மறுபடி ஒரு தட்டு. இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒதுங்கினேன். ஒரு கார் போனது.

இவ்வளவுதான். இரண்டே தட்டில் என் உடம்பு அவளை நம்பிவிட்டது.

தண்ணீர்த் தொட்டி முனை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும்.

தட்டு இல்லை.

வண்டியைச் சாய்த்தேன்.

அந்த இடத்தின் மேல் எனக்கு இருந்த வெறுப்புதான் கடைசி நொடியில் என் கழுத்தைத் திருப்பியது. லாரியின் முன்பக்கம் முழுசாகத் தெரிந்தது. பிரேக்கை அழுத்தினேன். காற்று என்னைத் தள்ளிவிட்டுப் போனது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னால், கழுத்துக்குப் பக்கத்தில், யாரோ "ச்சு" கொட்டினார்கள்.

கைக்கெட்டிய பேருந்து தவறிப்போனால் கொட்டுவோமே, அந்த மாதிரி.

இயர்பட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அவர் போனை அணைத்தேன். என் போனிலிருந்து அத்தான் வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டேன்.

"முனையில தட்டலை அத்தான்."



"தெரியும். அங்க மட்டும் தட்ட மாட்டா."

"அப்ப நீங்க தினமும் அங்க எப்படி..."

"பார்க்காமத்தான் திரும்பறேன். கண்ணாடியை எதுக்குக் கழட்டினேன்னு நினைச்ச? லாரிதான் வரமாட்டேங்குது."

"குட்டியை வெச்சுக்கிட்டா?"

"அவளும்தான் அம்மா வேணும் அம்மா வேணும்னு அழறா," என்றார். அதே குரல். கோபமில்லாத குரல்.

போனை வைத்தேன். அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று பேச இனி ஒன்றுமில்லை. பிள்ளை அந்த வீட்டுக்குத் திரும்பப் போகாது.

பள்ளிக்கூட கேட்டில் குட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக நின்றாள்.

"அப்பா வரலையா?"

"மாமா வந்திருக்கேன்ல. நம்ம வீட்டுக்குப் போலாம்."

"அம்மா?"

"பாட்டி இருக்காங்க. வா."

வண்டியை ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. குட்டியைச் சீட்டில் உட்கார வைத்து, இன்ஜினை அணைத்தபடியே தள்ளிக்கொண்டு நடந்தேன். எங்கள் வீட்டுக்கும் அந்த முனை வழியாகத்தான் போக வேண்டும். வெயில் இறங்கவில்லை. அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் கவனிக்கவில்லை, அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முனையில் நின்றேன். டயர் விற்கிற கடை என் வலது பக்கத்து ரோட்டை மறைத்தது.

"போ மாமா," என்றாள் குட்டி. "ஒண்ணும் வரலை."

எட்டிப் பார்த்தேன். மணல் லாரி ஒன்று அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து எங்களைக் கடந்தது. புழுதி அடங்கும் வரை நான் வண்டியின் ஹேண்டில்பாரை விடவில்லை.

"யாரு சொன்னா ஒண்ணும் வரலைன்னு?"

அவள் முகம் சுளித்தாள்.

"சும்மா இரு மாமா. நீ பேசினா பாட்டு கேட்க மாட்டேங்குது."

அவள் முடியை ஒதுக்கிப் பார்த்தேன். காதில் ஒன்றும் இல்லை.

வலது காதின் குழிக்குள், பெரியவர்கள் அளவுக்குச் செய்த எதையோ நாள் முழுக்க அழுத்திச் செருகி வைத்திருந்த மாதிரி, வட்டமாகச் சிவந்து கன்றிப்போயிருந்தது.