ஒரு கைப்பிடி ஹாப் பூ

மூச்சுத்தொட்டியின் பச்சை விளக்கு மஞ்சளாகி, தங்கப்பழம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாகிவிட்டது. செவ்வாய்க் கிரகத்தின் ஆறாம் குடியிருப்புக் குமிழியில் வீட்டுக்கு ஒரு தொட்டி; அதிலுள்ள நுண்ணுயிர்கள் விடும் காற்றைத்தான் மனிதர்கள் இழுக்கிறார்கள். கஞ்சித்தண்ணி, மீந்த ரசம் எல்லாம் அதற்குத் தீனி.

"என்னத்த ஊத்துனிய?" என்றாள் மனைவி செல்வக்கனி.

ஊற்றியது அவன் காய்ச்சிய பீரைத்தான். பீருக்குக் கசப்பேற்றப் போடும் ஹாப் பூ பூமியிலிருந்து புதிதாக வந்திருந்தது, உயர் ஆல்ஃபா ரகம். கசப்பு அமிலம் அதில் பல மடங்கு. சிட்டிகை போட வேண்டியதைப் பழைய பூ என்ற நினைப்பில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கொதிக்கவிட்டான் மனுசன். தெருவுக்கெல்லாம் பங்கு கொடுத்துவிட்டுத்தான் தான் வாயில் வைத்தான். குமட்டியது. வீணாக்கலாமா என்று தொட்டியில் கவிழ்த்தான். பீரைக் கெடாமல் காப்பதே அந்த அமிலம் கிருமிகளைக் கொல்வதால்தான். அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று ஆள் பார்த்தா கொல்லும்?

குமிழியின் இருப்புக் காற்று பொழுது சாயும்வரை தாங்கினால் அதிகம். அதற்குள் தொட்டியைக் கழுவி, உயிருள்ள தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரைத் தயிருக்கு உறை ஊற்றுவதுபோல ஊற்றியாக வேண்டும்.

செம்போடு பக்கத்து வீட்டு ஆபிரகாம் அண்ணாச்சியிடம் ஓடினான். நேற்று பீரை அமிர்தம் என்றவர், கடைசிச் சொட்டுவரை குடித்ததாகச் சொன்னவர். அவர் வீட்டிலும் சிவப்பு. அண்ணாச்சி தரையைப் பார்த்தார். எதிர்வீடும் சிவப்பு. தெருவே சிவப்பு. முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு உள்ளே போய்த் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள், பாவிகள். உயிர் போகிற நேரத்திலும் தங்கப்பழத்துக்கு மானம் போனதுதான் முதலில் வலித்தது.

கடைக்கோடியில் ஒரே வீட்டில் பச்சை எரிந்தது. கோயில்பிச்சை வீடு. போன தடவை பீரைக் குடித்துவிட்டு, இதற்கு வேப்பெண்ணெய் தேவலை என்று சபையில் சொன்ன மனிதர். அதற்காகவே இந்தத் தடவை அவருக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை.

தெருவே செம்பும் கையுமாக அவர் வாசலில் நின்றது. மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கோயில்பிச்சை கதவைப் பாதி திறந்தார்.

"உறை தாரேன். மொதல்ல, பீரு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்கடே."

ஆபிரகாம் அண்ணாச்சி தங்கப்பழத்தின் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

கோயில்பிச்சை கதவைச் சாத்தப் போனார். தங்கப்பழம் இடுக்கில் காலை வைத்தான்.

"நானே குடிக்கல அண்ணாச்சி," என்றான் கோயில்பிச்சையிடம், தெருவே கேட்க. "வாயில வைக்க முடியல."