சூடு தேடும் சுண்ணாம்பு

"அசையாதீங்க! அசைஞ்சா தோலும் சேர்ந்து வந்துடும்!"

சுரண்டியின் தட்டை முனையைக் கணவனின் தொடைக்கும் தொட்டிக்குள் இருந்த இருக்கைக்கும் நடுவே செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினாள். ஒரு வெள்ளைச் சில்லு பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. அதன் அடியில் இன்னொரு வெள்ளை. சுரண்டிய இடத்தில் அவள் கண்ணெதிரிலேயே, ஆறுகிற பாலில் ஆடை கட்டுவது போல, மெல்லிய படலம் ஒன்று ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக மூடிக்கொண்டு வந்தது.

"என்னைப் பேர்த்தெடுத்து ஷோகேஸ்ல வைக்கப் போறியா?" என்றான் அவன். சிரிக்கத்தான் பார்த்தான். பல் கிட்டிக்கொண்டது.

வெந்நீர்த் தொட்டிகளிலும் நீச்சல் குளங்களிலும் படிகிற சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்பதுதான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தொழில். வாடிக்கையாளர்களுக்கு அவன் 'சுண்ணாம்பு டாக்டர்'. அவனுக்கு அவள் 'ஆசிட்டு', வாய் அப்படி. தெருக்கோடியில் இருந்த இந்த வீட்டின் சொந்தக்கார அம்மா வெளியூரிலிருந்து போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்: "எத்தனை தடவை சுரண்டினாலும் மறுநாளே வெள்ளையடிச்ச மாதிரி நிக்குது, தம்பி."

"ஓசியில பெயின்ட் வேலை நடக்குது, விடுங்கம்மா" என்று அவன் கேலி செய்திருந்தான்.

காலையில் எல்லாம் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. ஹீட்டரை அணைத்தார்கள். தண்ணீரைப் பாதி இறக்கினார்கள். விளிம்பில் நீர்த்த ஆசிட்டைத் தேய்த்ததும் அது பொரிந்து நுரைத்தது. மூக்கை அரிக்கும் அந்தப் பழகிய நெடி எழுந்தது. முந்தின நாளிலிருந்தே அவனுக்கு உடம்பு காய்ந்துகொண்டிருந்தது. படுக்கச் சொன்னால் கேட்கிற ஆளா? அரைக்கால் சட்டையோடு தொட்டிக்குள் இறங்கி, இருக்கையில் உட்கார்ந்து, தண்ணீர் பீய்ச்சும் ஜெட் வாய்களை நுரைக்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் வேனிலிருந்து புது ஃபில்டரை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, "கால் மரத்துப் போச்சு போல" என்றான்.

கால் மரக்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது.

மீதித் தண்ணீரையும் வடிக்க அடைப்பைத் திறந்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. வடிகால் குழியில் விரலை விட்டுப் பார்த்தாள். குழியே இல்லை. வழுவழுப்பான வெள்ளைத் தரை.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. "வண்டி கிளம்பிடுச்சும்மா, பாலத்துல நெரிசல்" என்றது ஒரு குரல். அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் கேட்டதெல்லாம் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடைபடுவதைத்தான். முதலில் மூலைக் குழாயின் சொட்டு, இழுத்து இழுத்து, சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே நீண்டுகொண்டே போய், கடைசியில் குழாயின் வாயில் ஒரு வெள்ளை முத்தாக உறைந்து நின்றது. அப்புறம் சுவர்க் காற்றாடியின் கிறீச்சு. அப்புறம் பாதி திறந்திருந்த ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்த தெருவின் இரைச்சல். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலின் இடைவெளி வெள்ளையால் அடைபட்டு, கண்ணாடி பாலூற்றியது போல மங்கி, பகல் வெளிச்சத்தை எலும்பு நிறமாக்கி உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாசனை. பூட்டிக் கிடந்த வீட்டில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசனை.

வினிகர் புட்டியை அவன் தொடைமேல் கவிழ்த்தாள். நுரைத்தது. அடங்கியது. மறுபடி வெள்ளை.

அவன் பார்வை விளிம்பிலிருந்த ஆசிட் கேனுக்குப் போனது. "அதை ஊத்திடு."

"பைத்தியமா உங்களுக்கு? சுண்ணாம்போட சேர்த்து உங்களையும் தின்னுடும்."

"மேல ஏறுதுடி." குரலில் கேலி வற்றிவிட்டது. "இடுப்புக்கு வந்துடுச்சு. நெஞ்சுக்கு வந்தா மூச்சு எப்படி விடுவேன்? ஊத்து."

"வாயை மூடிட்டு உக்காருங்க!"

அழுகையை விழுங்கிக்கொண்டு அவள் சுரண்டினாள். சுரண்டினாள். மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான் தன் கால்களைப் பார்த்தாள். அதே தண்ணீர். அதே தொட்டி. அவளும் தொடையளவுத் தண்ணீரில்தான் நிற்கிறாள். அவள் கால்களில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை.

அவனை மட்டும் ஏன்?

அவன் நெஞ்சில் கை வைத்தாள். கொதித்தது.

வாடிக்கையாளர் எவர் கேட்டாலும் அவன் சொல்கிற பதில் அவளுக்குள் அவன் குரலிலேயே ஒலித்தது: 'தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு சூட்டைத் தேடித்தான் வரும்மா. எது ரொம்பச் சூடோ அதுமேலதான் முதல்ல உக்காரும். அதான் ஹீட்டர் கம்பி முதல்ல போகுது.'

அணைத்து வைத்திருக்கும் ஹீட்டர். காய்ச்சலில் கொதிக்கும் மனுஷன்.

தொட்டியை விட்டுத் தாவி, ஈரக்காலோடு வழுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். மோட்டார் அறையின் சுவிட்சுகள் எல்லாவற்றையும் மேலே தள்ளினாள். ஹீட்டர் முனகியது. அடுக்களைக்குப் பாய்ந்து, ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் முழுவதையும் பாவாடையில் வாரிக்கொண்டு வந்து அவன் தலையிலும் நெஞ்சிலும் கொட்டினாள். அவன் அலறினான். அலறட்டும். அலற மூச்சு இருக்கிறதே.

தண்ணீர் நடுங்கியது. அவன் இடுப்பைச் சுற்றியிருந்த ஓடு ஓரங்களில் உதிரத் தொடங்கியது. உதிர்ந்த தூள் வெள்ளை மேகமாகத் திரண்டு, எறும்புச் சாரை போல ஒழுங்காக, உறிஞ்சு குழாயின் வாய்க்குள் நுழைந்து ஹீட்டரை நோக்கிப் போனது.

"போகுதுங்க! போகுது!"

மறுபடி தொட்டிக்குள் இறங்கி, சுரண்டியை வைத்து நெம்பினாள். ஒரு தொடை விட்டது. இன்னொன்றும் விட்டது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, முதுகால் முட்டுக்கொடுத்து, அவனை விளிம்புக்கு மேலே உருட்டிவிட்டாள். குளிர்ந்த டைல்ஸ் தரையில் அவன் மல்லாந்து கிடந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினான். தோல் வெந்தது போலச் சிவந்திருந்தது. ஆனால் தோல். உயிருள்ள தோல்.

"ஆசிட்டு... நீ இல்லேன்னா நான் சிலையாயிருப்பேன்டி."

"சிலையா? இந்த மூஞ்சிக்கா?" தொட்டிக்குள் நின்றபடியே அழுதுகொண்டு சிரித்தாள்.

மோட்டார் அறையில் ஏதோ கொதிக்கிற கெட்டில் போல இரைந்தது. படபடவென்று வெடித்தது. 'டிக்'.

ஹீட்டர் நின்றுவிட்டது.

குழாய் வாயிலிருந்து வெள்ளை திரும்பி வந்தது.

அவசரமில்லாமல் வந்தது. தொட்டி முழுக்கப் பரவி, அவன் உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவி, நின்றது. அவள் படியில் ஒரு கால் வைத்தாள்.

"சீக்கிரம் ஏறு!" என்றான் அவன்.

"எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "என்கிட்ட வராது."

வெள்ளை அவள் கால்களைச் சுற்றியது. ஒட்டவில்லை. இதமாக இருந்தது. கால் வழியே மேலே மேலே ஓர் இளஞ்சூடு.

பிறகு தண்ணீர் பளிங்காய்த் தெளிந்துவிட்டது.

அவள் ஏறினாள். கால்கள் சுத்தம். கைகள் சுத்தம். அவன் முழங்கையை ஊன்றி எழுந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் ஒரு துகள் இல்லை.

"எங்கடி போச்சு அது?"

அவளுக்கு அடிவயிறு கனத்தது.

போன வாரம் டாக்டரம்மா சொன்னதை அவள் அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. முன்பு சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் கலைந்தது. இந்த முறை வயிறே அவனுக்குச் சொல்லட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். 'இனிமே உடம்புச் சூடு கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும். பயப்படாதே' என்று டாக்டரம்மா சிரித்திருந்தாள்.

ஈரச் சட்டையை விலக்கி வயிற்றில் கை வைத்தாள். மேலே தோல். மிருது. அழுத்தினாள்.

தோலுக்கு அடியில் கல்.

விரல் நகத்தால் தட்டினாள். டக்.

இன்னும் அசையக்கூட ஆரம்பிக்காதது, உள்ளேயிருந்து திருப்பித் தட்டியது.